நீல டப்பா: ஒரு ரூட்டரின் வரலாறு

போன மாதம் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பு வந்தது. சுவரில் துளை போட்டு, கண்ணாடி இழையை உள்ளே இழுத்து, வெள்ளை நிறத்தில் ஒரு டப்பாவை மாட்டிவிட்டுக் கிளம்பத் தயாரான தம்பியிடம் கேட்டேன்.

"இதோட அட்மின் பாஸ்வேர்ட் என்னப்பா?"

"வைஃபை பாஸ்வேர்ட் பின்னாடி ஒட்டியிருக்கு சார்."

"அது இல்லப்பா. செட்டிங்ஸ் உள்ள போகணும்."

"அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்க மாட்டாங்க சார். ஏதாச்சும் மாத்தணும்னா போன் பண்ணுங்க, அவங்களே அங்கருந்து மாத்திடுவாங்க."

அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ஆனால் அந்த "அங்கருந்து மாத்திடுவாங்க" மட்டும் இரண்டு நாள் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. என் வீட்டில், என் கரண்டில் ஓடும் பெட்டி. வீட்டில் இருக்கிற போன், லேப்டாப், டிவி எல்லாவற்றின் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. சாவி மட்டும் வேறு ஊரில்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. நடுவில் சில வருடங்கள், சாவி நம் கைக்கு வந்தது. யாரும் திட்டமிட்டுக் கொடுத்ததும் இல்லை, யாரும் போராடிப் பிடுங்கியதும் இல்லை. ஒரு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அதை விற்றவர்களே சரியாகப் பார்க்காததால் வந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

டப்பாவின் பெயர் லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி. நீலமும் கறுப்பும் கலந்த உடம்பு, முதுகில் மாட்டின் கொம்பு மாதிரி இரண்டு ஆன்டெனா. என் வயதுக்காரர்கள் படத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லிங்க்ஸிஸ், விக்டர் ட்சாவ், ஜேனி ட்சாவ் என்ற தம்பதி 1988-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனி. இருவரும் தைவானிலிருந்து அமெரிக்கா போனவர்கள். தைவானில் செய்யவைத்து அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்பதுதான் அவர்கள் வியாபாரத்தின் அடிப்படை. 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி வெளிவந்தது. நொடிக்கு 54 மெகாபிட் வேகம் தரும் 802.11ஜி என்ற வைஃபை தரம் அப்போது இறுதியாகக்கூட ஆகவில்லை. 2003 ஜூனில்தான் ஆனது. தரம் முடிவாவதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட பெட்டி இது. அவ்வளவு அவசரம். அந்த அவசரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 16 எம்பி ரேம், 4 எம்பி ஃப்ளாஷ் நினைவகம். இன்றைக்குப் போனில் ஒரே ஒரு போட்டோ 4 எம்பி வருகிறது. அந்த இடத்துக்குள் முழு இயங்குதளத்தையும் அடைக்க வேண்டும். காசு கொடுத்து ஒரு இயங்குதளம் வாங்கினால் பெட்டியின் விலை ஏறும். லினக்ஸ் சும்மா கிடைக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

யார் போட்டது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. சிப் பிராட்காம் கம்பெனியுடையது. ஃபர்ம்வேர், அதாவது டப்பாவுக்குள் பதித்து அனுப்பும் மென்பொருள், தைவானின் சைபர்டேன் கம்பெனியின் கைவண்ணம். பிற்பாடு வெளிவந்த நிரலில் அவர்கள் பெயர் பல இடங்களில் இருந்தது. மேலே ஒட்டிய லேபிள் லிங்க்ஸிஸ். 2003 மார்ச்சில் அந்த லிங்க்ஸிஸையே சுமார் 50 கோடி டாலர் மதிப்பிலான பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக சிஸ்கோ அறிவித்தது. ஆக நாலு கை மாறி வந்த சரக்கு. கடைசியாக வாங்கியவருக்கு முதல் ஆள் என்ன போட்டார் என்று தெரியாது.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு ஜிப் ஃபைல் வரும், கம்பைல் ஆகும், ரிலீஸ் தேதி நெருங்கிவிட்டிருக்கும். உள்ளே இருக்கும் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படித்தவர்கள் என் டீமில் எத்தனை பேர் என்று கேட்டால், என்னையும் சேர்த்து, பூஜ்யம்.

லினக்ஸ் சும்மா கிடைக்கிறது என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம், ஒரு பைசா தர வேண்டாம். ஆனால் அதை ஒருவருக்கு விற்றால், அவர் கேட்கும்போது அதன் மூலநிரலை, நீ செய்த மாற்றங்களோடு சேர்த்து, கொடுத்தாக வேண்டும். கிட்டத்தட்ட நம் ஊரில் பக்கத்து வீட்டில் வாங்கும் தயிர் உறை மாதிரி. வாங்கலாம், தோய்க்கலாம், நாளைக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் லினக்ஸ் கெர்னல் உருவாக்குபவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினார். டபிள்யூஆர்டி54ஜி-யின் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே லினக்ஸ் கெர்னலும் மற்ற ஜிபிஎல் மென்பொருள்களும் இருக்கின்றன, மூலநிரல் எங்கேயும் இல்லை, கம்பெனியிடம் கேட்டும் கிடைக்கவில்லை என்று. சிஸ்கோ அப்போதுதான் லிங்க்ஸிஸை வாங்கி முடித்திருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் கடன்காரன் வாசலில் வந்து நின்ற மாதிரி. கொஞ்ச வாரங்களில், 2003 ஜூலையில், மூலநிரல் வெளியிடப்பட்டது. வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் மட்டும் மூடியே இருந்தது. மற்றதெல்லாம் வெளியே.

இந்தக் கதையை வழக்கமாக இரண்டு மாதிரி சொல்வார்கள். 'நல்ல கம்பெனி, திறந்து கொடுத்தார்கள்' என்பது ஒன்று. 'ஹேக்கர்கள் பெரிய கம்பெனியை மண்டியிட வைத்தார்கள்' என்பது இன்னொன்று. இரண்டையும் நான் நம்பவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. மண்டியிட வைக்கிற அளவுக்குப் பெரிய சண்டையும் அந்த வருடம் நடக்கவில்லை. சண்டை பிறகுதான் வந்தது: லிங்க்ஸிஸ் பெயரில் வந்த மற்றப் பொருள்களில் உரிமத்தை மீறியதாக 2008 டிசம்பரில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சிஸ்கோ மேல் வழக்குப் போட்டது, 2009 மே மாதம் சமரசமாக முடிந்தது. 2003-ல் நடந்தது அவசரத்திலும் சிக்கனத்திலும் ஒருவர் செய்த வேலை, நாலாவது ஆளின் கையெழுத்தை வாங்கிவிட்டது. அவ்வளவுதான்.

மூலநிரல் கிடைத்தால் மட்டும் போதாது. மாற்றி எழுதியதைத் திரும்ப டப்பாவுக்குள் ஏற்ற வேண்டும். தப்பாக ஏற்றினால் டப்பா செங்கல்லாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் அதற்கு அதுதான் பெயர். இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'பிங்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும். நாம் அந்தக் கட்டத்தில் தட்டுவதை அந்தப் பக்கம் எந்தச் சோதனையும் செய்யாமல் அப்படியே லினக்ஸ் ஷெல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரிக்குப் பதில் ஒரு கட்டளையைத் தட்டினால் கட்டளை ஓடியது! இன்றைக்குக் காலேஜ் முடித்து வருகிற பையன் இப்படி எழுதினால் கோடு ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். அன்றைக்கு அந்த ஓட்டைதான் வாசல். மக்கள் அதன் வழியாக உள்ளே போய் 'பூட்-வெய்ட்' என்ற ஒரு அமைப்பை மட்டும் இயக்கிவிட்டு வந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டப்பா சில நொடி காத்திருக்கும். அந்த இடைவெளியில் நெட்வொர்க் கேபிள் வழியாகப் புது ஃபர்ம்வேரைத் தள்ளலாம். தப்பாகிவிட்டாலும் மறுபடி தள்ளலாம். செங்கல் பயம் போச்சு. பயம் போன பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. லிங்க்ஸிஸ் கொடுத்த மூலநிரலை வைத்து ஆரம்பித்து, சீக்கிரமே அதை விட்டு விலகித் தனக்கென்று ஒரு கட்டமைப்பை எழுதிக்கொண்டது. ஸ்வியாசாஃப்ட் என்று ஒரு கூட்டம் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு மேம்பட்ட ஃபர்ம்வேர் கொடுத்தது. ஜிபிஎல் சரக்குக்குச் சந்தாவா என்று அடிதடி. அதிலிருந்து பிரிந்து ஜெர்மனியின் செபாஸ்டியன் காட்ஷால் டிடி-டபிள்யூஆர்டி-யைத் தொடங்கினார். ஜோனதன் ஜராட்டே எழுதிய டொமேட்டோ பின்னால் வந்தது. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற குழுவினர் இந்த நீல டப்பாவுக்கென்றே ஃபர்ம்வேர் தயாரித்து, வீட்டுக் கூரைக்குக் கூரை கம்பியில்லாமல் கோர்த்து அக்கம்பக்கத்துக்கே வலை பின்னினார்கள்.

நம் ஊரில் இதெல்லாம் கொஞ்சம் தாமதம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி போட்டதே 2005 ஜனவரியில்தான். எனக்கு இந்த டப்பா அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் கையில் வந்தது. ரிச்சி தெருவில் ஒரு அடாப்டர் தேடி வாங்கினேன், அந்த ஊர் 110 வோல்ட் அடாப்டரை இங்கே சொருகினால் என்ன ஆகும் என்று அவன் சொருகிக் காட்டிவிட்டதால். டொமேட்டோவை ஏற்றிய இரவு, டவுன்லோடு வேகம் கோடு கோடாக நெளிந்து ஏறி இறங்குவதைத் திரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டே விடிந்துவிட்டது. மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்று அளந்து கொடுத்த காலம். எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு தின்கிறது என்று வீட்டிலேயே கணக்குப் பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்புறம் கதவு மூடியது. 2005 கடைசியில் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் இல்லை. விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம். ஃப்ளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பி, ரேம் 16-லிருந்து 8. வெளியே பார்த்தால் அதே நீல டப்பா, அதே பெயர். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை வைத்துத்தான் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரர்கள் முன்னால் குனிந்து எண் படித்துக்கொண்டிருந்த கூட்டம் உலகம் முழுக்க இருந்தது. காரணம் பழிவாங்கலாக இருக்கும் என்று அப்போது பேசிக்கொண்டோம். இப்போது யோசித்தால், நினைவகச் சில்லில் மிச்சமாகும் சில்லறைதான் காரணமாக இருந்திருக்கும் என்று படுகிறது. லட்சக்கணக்கில் செய்யும்போது சில்லறையும் பெரிய தொகை. லினக்ஸ் உள்ளே வந்ததும் சிக்கனத்தால், வெளியே போனதும் சிக்கனத்தால்.

ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காகப் பழைய நாலாம் பதிப்பையே, லினக்ஸோடும் பழைய அளவு நினைவகத்தோடும், டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்றார்கள். கடைசி 'எல்' லினக்ஸுக்கு. 2013-ல் சிஸ்கோ லிங்க்ஸிஸை பெல்கினுக்கு விற்ற பிறகும் அந்த ஜிஎல் விற்றுக்கொண்டே இருந்தது. 2005-ன் வேகத்தோடு 2016-லும் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள். சாவி கொடுத்தால் வியாபாரம் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு மாடலைக் காட்டுவேன்.

"சரி, நாலு பேர் இரவெல்லாம் கோடு வரைந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் மற்றவர்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். என் மனைவியே கேட்டிருக்கிறாள். அதற்கான பதில் கொஞ்சம் நீளம்.

வீட்டில் ஒருவர் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் வீடியோ கால் திக்கித் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். "நெட் ஸ்பீடு பத்தல" என்று பெரிய பிளானுக்கு மாறுவோம். பல நேரம் நோய் வேறு. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு இதே தொல்லை. எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அப்போது பெல் லேப்ஸில் இருந்தார். வீட்டிலிருந்து பெரிய கோப்புகளைப் பிரதி எடுத்து அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையமே படுத்துவிட்டது. அளந்து பார்த்தால், சில மில்லிநொடியில் வர வேண்டிய பதில் ஒரு நொடிக்கும் மேல் எடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். ரூட்டருக்கும் மோடத்துக்கும் உள்ளே பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்க ஒரு இடம், பஃபர், இருக்கும். நினைவகம் மலிவானதும் அதைத் தாராளமாகப் பெரிதாக்கிவிட்டார்கள். 256 கிலோபைட் பஃபர், நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஃபர் நிரம்பினால் அது காலியாக இரண்டு நொடி ஆகும். உங்கள் வீடியோ காலின் சின்னப் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ரேஷன் கடையில் முன்னால் ஒருவர் பத்துக் கார்டு வைத்துக்கொண்டு நின்றால் ஒரு பாக்கெட் உப்பு வாங்க வந்தவரும் காத்திருக்க வேண்டியதுதானே. இன்னும் மோசம் என்னவென்றால், இணையத்தின் டிசிபி நெறிமுறை ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் 'ஓ, நெரிசல்' என்று உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் சேர்த்துச் சேர்த்து வைக்கிறது. அனுப்புகிறவருக்கு நெரிசலே தெரியாது, அனுப்பிக்கொண்டே இருப்பார். கெட்டிஸ் இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். பஃபருக்கு வந்த ஊதல் நோய்.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்; 5 மில்லிநொடிக்கு மேல் காத்திருப்பது 100 மில்லிநொடி தொடர்ந்தால், ஒன்றிரண்டைத் தூக்கிப் போடத் தொடங்கு. எரிக் டுமாசே அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை என்பதைச் சேர்த்து லினக்ஸில் எழுதினார்: எஃப்க்யூ-கோடெல். அதே வருட ஜூலையில் லினக்ஸ் 3.5-ல் வந்துவிட்டது.

அதை நிஜ வீட்டில், நிஜ ரூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே? கெர்னலைத் திறந்து மாற்ற முடிகிற, கடையில் கிடைக்கிற, மலிவான டப்பா வேண்டும். டேவ் டாட் என்பவர் ஓப்பன்டபிள்யூஆர்டி-யிலிருந்து கிளைத்து செரோடபிள்யூஆர்டி என்ற சோதனை ஃபர்ம்வேரை நடத்தினார். நெட்கியர் கம்பெனியின் ஒரு சாதாரண வீட்டு ரூட்டரில் அது ஓடியது. தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் ஓட்டி, அளந்து, திட்டி, திருத்தினார்கள். தேறியது ஓப்பன்டபிள்யூஆர்டி-க்குள் போனது, கெர்னலுக்குள் போனது. 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி 8290 ஆனது. இன்று எத்தனையோ லினக்ஸ் இயந்திரங்களில் அதுதான் இயல்பான வரிசை. டாட் 2025 ஏப்ரலில் காலமானார். சாவி நாலு பேர் கையில் இருந்ததால் மற்றவர்களுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

நடுவில் இதுவும் போயிருக்கும். 2015-ல் அமெரிக்காவின் எஃப்சிசி, ரூட்டர்கள் ரேடியோ விதியை மீறாமல் இருக்க, வெளி ஃபர்ம்வேர் ஏற்றுவதை எப்படித் தடுக்கிறீர்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டு ஒரு குறிப்பு வெளியிட்டது. டிடி-டபிள்யூஆர்டி-யைப் பெயர் சொல்லியே கேட்டிருந்தார்கள்! ரேடியோ சக்தியைக் கண்டபடி ஏற்றி வைக்கும் ஆட்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான், மறைக்க வேண்டாம், நானும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்திருக்கிறேன். அதற்காக ரேடியோவை மட்டும் பூட்டுவதை விட்டு வீட்டையே பூட்டுவதா? டாட்டும், இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃபும், 260-க்கும் மேற்பட்ட நிபுணர்களோடு சேர்ந்து எழுதினார்கள். குறிப்பு திருத்தப்பட்டது. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் கம்பெனியோடு எஃப்சிசி செய்துகொண்ட சமரசத்தில் 2 லட்சம் டாலர் அபராதத்தோடு, வெளி ஃபர்ம்வேருக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

என் வெள்ளை டப்பாவுக்கு வருகிறேன். மூன்று முறை போன் செய்து, நாலாவது முறை பேசிய பெண் மட்டும் நான் கேட்பதைப் புரிந்துகொண்டு, அதைப் 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது அது வெறும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிற வேலையை மட்டும் செய்கிறது. அதன் பின்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய என் சொந்த ரூட்டர். உங்கள் வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம்: கம்ப்யூட்டரில் பிங் கட்டளையை ஓடவிட்டுக்கொண்டே ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். எண் 20, 30-லிருந்து நூற்றுக்கணக்கில் தாவினால் ஊதல் நோய். எனக்கு முதல் நாள் 400-ஐத் தாண்டியது. எஸ்க்யூஎம் என்ற பொதியை நிறுவி, வேகத்தைப் பிளானில் சொன்னதில் 90 சதவீதத்துக்குக் கட்டிப்போட்டேன். இப்போது 25-க்கு மேல் போவதில்லை.

பத்து சதவீத வேகத்தை நானே வெட்டிவிட்டேன் என்று மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய ஆன்லைன் கிளாஸ் இந்த மாதம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.